ஊர்க் கார் எல்லாம் பாலத்தின் மேல்

நவ. 15, சனி

மூடம். மழை இல்லை. முந்தாநாள் துவைத்த துணி இன்னும் ஈரம். ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கொடி. மகள் பெனியின் நைட்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடமாட்டம்.

பாக்கி வேலை: ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் தாள்கள் (பாதிக் கட்டு). சிலிண்டர் பதிவு. பழைய வேட்டி கிழித்துத் துவைத்து ஆஸ்பத்திரிப் பையில் வைக்க. ஓசூருக்கு போன் போட்டு மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததா என்று கேட்க.

பெனிக்குக் கால் வீக்கம் வற்றவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்தபோது கொண்டுவந்த செருப்பு எதுவும் நுழைவதில்லை. அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க டப் டப் என்று நடக்கிறாள். நீலப் பட்டை, ஒன்று அறுந்து ஊக்கு குத்தியது. இவர் வெறுங்காலோடு பால் வாங்கிவருகிறார். புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "அவ போட்டுக்கட்டும் ரூபி, நான் எங்க ஓடப்போறேன்" என்கிறார்.

ஒரு மாணவியின் அம்மாவிடமிருந்து செய்தி: "மிஸ், மழை லீவு விட்டா அன்னிக்கு பரீட்சைக்கு அனுப்பணுமா?" வேண்டாம் என்று போட்டேன். "கன்ஃபார்மா மிஸ்?" என்று மறுபடியும். பரீட்சை நடக்க ஸ்கூல் திறந்திருக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்த பெண். ஐ.டி.யில் வேலை.

நகர் வாட்ஸப் குழுவில் ப. சார் (பத்மநாபன் சார், சங்கச் செயலாளர், முன்னாள் வங்கி மேனேஜர்) நாளெல்லாம் புயல் படம். ஒவ்வொன்றுக்கும் கீழே "வந்ததை அப்படியே அனுப்புகிறேன்". அப்படியே அனுப்புவது என்னவோ பெரிய நேர்மை மாதிரி. இவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல். படிப்பது கிடையாது. வாசலில் யாராவது போனால் தலையை ஆட்டுவோமே, அந்தக் கணக்கு.

நவ. 16, ஞாயிறு

சர்ச்சுக்கு நானும் இவரும் மட்டும். பெனி படுத்திருந்தாள். ஆராதனைக்கு முன்னால் வழக்கம்போல் இவர் கார் கழுவினார். டயர் இடுக்கில் பல்துலக்கும் பழைய பிரஷ் வைத்துத் தேய்ப்பது உண்டு.

போதகர் மழை நிற்க ஜெபிக்கச் சொன்னார். இன்னும் தொடங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். பெனிக்காக என்று மனதில் மாற்றிக்கொண்டேன்.

மத்தியானம் அஸ்தினாபுரத்திலிருந்து தங்கச்சி போன். "அக்கா, உங்க ஏரி உடைஞ்சிடுச்சாமே, வீடியோ வந்துச்சு." மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். பீர்க்கன்கரணை ஏரி தன் பாட்டுக்குக் கிடந்தது. கரையில் ரெண்டு மாடு. ஒருவர் வாக்கிங். "உடையலடி, மாடு மேயுது" என்றேன். "அப்ப வீடியோ?" என்கிறாள். வீடியோவில் பின்னாலே மலை தெரிகிறது. எங்கள் ஏரிக்குப் பின்னால் மலை எங்கே இருக்கிறது.

எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் மாடி உண்டு. ஏறினால் ஏரி தெரியும். ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. எல்லாரும் போனில் பார்க்கிறார்கள்.

நவ. 17, திங்கள்

தூறல். ஸ்கூலுக்கு அரை நாள் சொல்லிவிட்டு பெனியை செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். இவர்தான் காரை ஓட்டினார். மேம்பாலம் ஏறி இறங்கினால் ஆஸ்பத்திரி. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அது. கீழே சப்வேயில் சாதாரண நாளிலேயே முழங்கால் தண்ணீர், அதனால் பாலம் ஒன்றுதான் வழி.

பி.பி. ஏறியிருக்கிறது. குழந்தையைச் சுற்றித் தண்ணீரும் குறைவாம். டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலையில அட்மிட் பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி வலி வந்தாலோ பனிக்குடம் உடைஞ்சாலோ வீட்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்காதீங்க. தலைவலி, கண்ணு மங்கறது, எதுவா இருந்தாலும் நேரா வந்துடுங்க. இவங்க விஷயத்துல நேரம் முக்கியம்."

இப்பவே சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். படுக்கை இல்லை. "பக்கத்துலதானே இருக்கீங்க, கார் இருக்குல்ல?" என்றார். இருக்கு டாக்டர் என்று இவர் முந்திக்கொண்டு சொன்னார்.

திரும்பும்போது பெனி பின் சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பயமா இருக்காம்மா என்றேன். "பசிக்குது" என்றாள். இட்லி மாவு குளிரில் பொங்கவே இல்லை. உப்புமா.

நவ. 18, செவ்வாய்

ரெட் அலர்ட். டி.வி.யில் சிவப்புப் பட்டை. ஸ்கூல் லீவு. வெளியே லேசான சாரல், குடைகூட வேண்டாம்.

காலையிலேயே ப. சாரின் செய்தி: "மாலைக்குள் ஏரி நிரம்பிவிடும். வாகனங்களை மேம்பாலத்தில் நிறுத்தி முன்னெச்சரிக்கையாக இருக்கவும். வந்ததை அப்படியே அனுப்புகிறேன்." பத்து மணிக்கெல்லாம் தெருவே கிளம்பிவிட்டது. வெள்ளை, சாம்பல், சிவப்பு, வரிசையாகக் கார்கள். எதிர்வீட்டு ஹேமா மாமியாரையும் மாவுக் கிரைண்டரையும் விட்டுவிட்டுக் காரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போனாள்.

இவரும் சாவியை எடுத்தார். வாசலில் நின்று மறித்தேன்.

"எங்க போறீங்க?"

"பாலத்துக்குத்தான். எடம் போயிடும்."

"டாக்டர் நேத்து என்ன சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமைன்னாங்க. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

இவர் பயம் எனக்குத் தெரியாதது இல்லை. முடிச்சூரில் வாடகைக்கு இருந்தபோது பெருவெள்ளத்தில் பழைய கார் கூரை வரைக்கும் முழுகியது. தண்ணீர் வடிந்த பிறகு சீட்டுக்கு அடியில் கெளுத்தி மீன். அன்றைக்கு இவர் தெருவில் உட்கார்ந்து அழுததை நான் மட்டும் பார்த்தேன். அதனால்தானே மேடாகத் தேடித் தேடி இந்த வீட்டை வாங்கினோம். அந்தப் பெருவெள்ளத்திலேயே இந்தத் தெருவில் வாசல்படி நனையவில்லை என்று பழைய ஓனர் சொல்லவில்லையா. மேட்டில் வீடு வாங்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஊர் ஓடினா ஒக்க ஓடணும் ரூபி."

"ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடணும். மீதியையும் சொல்லுங்க."

"ஒருத்தனா ஓடறான்? எல்லாரும்தான் ஓடறாங்க."

"எல்லாரும் ப. சார் பின்னாடி ஓடறாங்க. ப. சார் யாரோ அனுப்பினதுக்குப் பின்னாடி ஓடறாரு. மாடிக்கு வாங்க, ஏரியைக் காட்டறேன்."

வரவில்லை. கோபத்தில் என் குரல் ஏறிவிட்டது. பெனி எழுந்து வந்து, "விடும்மா. டாடி நிம்மதியா இருக்கட்டும். ஏதாவதுன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா வந்துடப்போகுது" என்றாள். அவள் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. வழியை விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து நடந்தே திரும்பிவந்தார். நல்ல இடம் கிடைத்ததாம், ஏற்றத்தில், விளக்குக் கம்பம் பக்கத்தில். பின்சக்கரத்துக்கு செங்கல். ஏதோ வீடியோவில் சொன்னார்களாம், தண்ணீர் வந்தால் எலக்ட்ரானிக்ஸ் போய்விடுமென்று பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டார். பாலத்தின் உச்சிக்குத் தண்ணீர் வந்தால் தாம்பரமே இருக்காது. ஸ்பேனரை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நவ. 19, புதன்

ராத்திரி கொஞ்சம் மழை. காலையில் தெரு ஈரம், அவ்வளவுதான். எதிர்வீட்டு வாசலில் போட்ட கோலம்கூடக் கலையவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் செல்வி: "இன்னாக்கா, தெருவுல ஒரு காரு கூட காணோம். அல்லாரும் ஊரைக் காலி பண்ணிகினு பூட்டாங்களான்னு பாத்தேன். பாத்தா அல்லாரும் வூட்லதான் கீறாங்க." சிரித்தேன். அவளும் பால் பாக்கெட் நாலு கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறாளாம். அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.

ஸ்கூல் இருந்தது. மத்தியானம் ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். பாலத்தில் ஏறியதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நேற்று ஒரு வரிசை என்றார் இவர். இன்றைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசை. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்ற கார்களை அடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலதுக்கு உறை வேறு. இடம் பிடிக்க யாரோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். நடுவில் ஒரு வண்டி போகும் அளவு. எதிரில் ஒன்று வந்துவிட்டால் யாராவது பாலம் முழுக்கப் பின்னால் போக வேண்டும். டிரைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்: "படா பேஜாரு. தண்ணி வர்றது தெரியல, இவங்க வந்துட்டாங்க." நம் கார் விளக்குக் கம்பத்தோரம் உள்வரிசையில். அதை ஒட்டிக்கொண்டு ஒரு பெரிய வெள்ளை வண்டி.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், இப்பவே போய் எடுத்துவாருங்கள் என்று. "வெள்ளை வண்டி யாருதுன்னு குரூப்ல கேட்டிருக்கேன்" என்றார். கேட்டிருக்கிறார், நிஜம்தான். பதில் இல்லை. "இன்னைக்கு ஒரு ராத்திரி தாண்டட்டும். காலையில முதல் வேலை அதான்." காலை முதல் வேலை என்பது இந்த வீட்டில் எனக்குப் பழக்கமான சொல்.

குழுவில் நானே எழுதினேன். வழக்கமாக எழுதுவதில்லை. "பாலத்தில் ஒரு பக்கமாவது காலி செய்யுங்கள். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? எங்கள் வீட்டில் பிரசவத்துக்குப் பெண் இருக்கிறாள்." வரிசையாகக் கும்பிடும் கைகள். "நல்ல பாயிண்ட் மிஸ்" என்றார் ப. சார். "எந்தப் பக்கம் எடுக்கணும்?" என்றார் ஒருவர். "முதல்ல வந்தவங்க இருக்கட்டும்" என்று இன்னொருவர். பிறகு யாரோ குன்றத்தூர்ப் பக்கம் பாம்பு வந்ததாக ஒரு வீடியோ போட, எல்லாரும் பாம்புக்குப் போய்விட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் சாயங்காலம் வந்து சொன்னாராம். நாளைக்கு எடுத்துடறோம் சார் என்று எல்லாரும் சொன்னார்களாம்.

பெனிக்கு லேசான தலைவலி. தைலம் வேண்டாம் என்கிறாள், வாசனை பிடிக்கவில்லை. டாக்டர் சொன்னாரே, போகலாமா என்றால் தூங்கினால் சரியாகிவிடும் என்கிறாள்; தண்ணீர் குடிக்கச் சொன்னேன். ஒரு கண் விழித்தபடிதான் தூங்க வேண்டும் இன்றைக்கு.

நவ. 20, வியாழன்

ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சு. பையில் இந்த நோட்டு எப்படி வந்தது என்று தெரியவில்லை, விடைத்தாளோடு சேர்ந்து வந்திருக்கும். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் நல்ல வெயில். நிஜமான, கண் கூசும் வெயில். சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி சத்தத்தில் பெனி கூப்பிட்டது கேட்கவில்லை. திரும்பினால் சமையலறை வாசலில் நிற்கிறாள், காலடியில் தண்ணீர். "அம்மா, உடைஞ்சிடுச்சு. கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருக்கு."

இவர் சட்டை பித்தான் போடாமலே பாலத்துக்கு ஓடினார். நான் ஆம்புலன்ஸுக்கு போன். உடனே கிளம்புகிறோம் என்றார்கள், கிளம்பியும் விட்டார்கள். பையை எடுத்தேன், ஃபைலை எடுத்தேன், ஃபிரிட்ஜைக் கடக்கும்போதுதான் பார்த்தேன். பேட்டரியை மாட்ட வேண்டிய ஸ்பேனர் அங்கேயே இருக்கிறது.

போன் செய்தேன். "வெள்ளை வண்டி அப்படியே நிக்குது ரூபி. நகரவே முடியாது. யாரோ பக்கத்து நகர்காரருதாம். ஆள தேடிப் போறேன்." மூச்சு இரைத்தது. ஸ்பேனரைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லி என்ன.

அடுத்த போன் ஆம்புலன்ஸிலிருந்து. பாலத்தின் உச்சிக்கு வந்துவிட்டார்கள். எதிரில் ஒரு பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் வண்டிகள். நகர வழியில்லை. "மேடம், பேஷன்ட்டை இந்தப் பக்கம் கொஞ்சம் கொண்டாற முடியுமா?"

தெருவில் இறங்கி நின்றேன். இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு கார் உண்டு, சில வீட்டில் இரண்டு. வெயிலில் காலி நிறுத்துமிடங்கள் பளபளவென்று கிடந்தன. போனில் ஆப் ஆட்டோ தேடிக்கொண்டே சுற்றியது. ஹேமா ஓடிவந்தாள். "ஐயோ மிஸ், கார் பாலத்துல இருக்கே" என்றாள். தெரியும் ஹேமா.

தண்ணீர் கேன் போடும் குமார் தன் குட்டியானை வேனில் வந்தான். கேட்பதற்கு முன்பே முன்சீட்டில் இருந்த பில் கட்டையும் துண்டையும் எடுத்தெறிந்தான். "ஏறு தங்கச்சி. அக்கா, நீ பின்னால கேனைப் புடிச்சிகினு நில்லு." பெனி முன்னால். நான் பின்னால் கேன்களோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் கேன் உருண்டு காலில் இடித்தது. பின்கண்ணாடி வழியே அவள் தலையை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும்தான் வந்தது, அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

பாலத்தடியில் அடைப்பு. குமார் இறங்கி ஆரன் அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் கத்திப் பார்த்தான். பின்னால் நின்றவர் பின்னால் போனால்தான் முன்னால் நிற்பவர் போக முடியும். ஒருவரும் நகரவில்லை. அவரவர் கண்ணாடிக்குள் இருந்துகொண்டு, முன்னால் இருப்பவனைக் கையால் காட்டினார்கள். "அக்கா, நடந்துடலாம். தோ தெரியுது பாரு ஆம்புலன்ஸ்" என்றான். தெரிந்தது. மேலே நீல விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. யாரையாவது பின்னால் நகர்த்திப் பார்க்கிறேன் என்று அவன் கீழேயே நின்றுவிட்டான்.

நடந்தோம். நானும் அவளும். நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே ஆள் போகிற சந்து. வலி வரும்போது நிற்பாள், பக்கத்தில் இருக்கும் காரின் பானட்டில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிவாள். போனதும் நடப்பாள். அடுத்த வலி, அடுத்த கார். கார்கள் அவள் சாய்ந்ததும் கீ கீ என்று அலற ஆரம்பித்தன. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று. உறையை மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "மேடம், வண்டி மேல சாயாதீங்க, ஸ்கிராட்ச் ஆகும்." நான் அவரைப் பார்த்தேன். என்ன முகத்தோடு பார்த்தேனோ, மறுபடியும் உறைக்குள் போய்விட்டார். பக்கத்து அடுக்குமாடி பால்கனிகளில் ஆட்கள் கையில் போனோடு.

விளக்குக் கம்பம் வந்தது. ஒரு நீள வலி. அவள் ஊன்றிய கார் சத்தமே போடவில்லை. "நம்ம கார்மா" என்றாள் குனிந்தபடியே. பேட்டரி கழற்றிய கார். அந்தப் பாலத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் நர்ஸ் ஒருத்தி மேலிருந்து ஓடிவந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் திரும்ப முடியாமல் பாலம் முழுவதும் பின்னாலேயே இறங்கியது. உள்ளே அந்த நர்ஸ் பி.பி. பார்த்தாள். டிரைவரிடம் "அண்ணா, சீக்கிரம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷன். பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. உள்ளே அழுக்குத் தண்ணீரைக் குடித்திருக்கிறதாம், கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெனிக்கு மயக்கம் தெளியவில்லை, பி.பி. இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே, பக்கத்துலதானே வீடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இவர் நடந்தே வந்து சேர்ந்தார். வெள்ளை வண்டிக்காரர் செங்கல்பட்டுக்கு ரயிலில் போய்விட்டாராம். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என்னவென்று சொல்வது, போனை எடுத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். பழக்கம். கட்டைவிரல் மட்டும் அசைகிறது. அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருக்கிறது.

சாயங்காலம். இன்னும் மழை இல்லை.

நவ. 21, வெள்ளி

வெயில். இன்றைக்குத்தான் அட்மிட் ஆக வேண்டிய நாள்.

பெனி கண் விழித்தாள். முதல் கேள்வி, "அழுதுச்சா?" ராத்திரியே அழுதது, நானே கேட்டேன் என்றேன். கேட்கவில்லை. நர்ஸ் சொன்னதுதான். பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய். மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெண் இல்லாமல் போயிருந்தால், இந்த உயிர் இல்லாமல் போயிருந்தால், இவரோடு ஒரே வீட்டில் நான் இருந்திருக்க மாட்டேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மாப்பிள்ளை ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். தூங்காத கண். "ஏன் அத்தை, கார் என்னாச்சு?" என்றார். இவர் எழுந்து டீ வாங்கிவரப் போனார். நான், ரிப்பேர் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். ஏன் மறைத்தேன், தெரியவில்லை.

ஸ்கூலில் சொல்லியாயிற்று. சிலிண்டர் வந்து திரும்பிப் போய்விட்டதாம். மிக்ஸியில் அரைத்த சட்னி அப்படியே இருக்கும், செல்வியிடம் கழுவச் சொல்ல. பெனி கால் வீக்கம் இறங்குகிறது. அந்தச் செருப்பு கட்டிலடியில்.

மத்தியானம் இவர் போய்க் காரை எடுத்துவந்தார். ஸ்பேனரை ஞாபகமாக எடுத்துப்போனார். பின்கதவில் நீளக் கோடு, யாரோ உரசியிருக்கிறார்கள். அதைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் முன்பக்கம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி, உடனே கிளம்பத் தோதாக நிறுத்தியிருக்கிறார். இனி என்னத்துக்கு.

நவ. 22, சனி

காலையில் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். குழாய் எடுத்தாயிற்று. கனமே இல்லை. கொட்டாவி விட்டது, அந்தப் பெரிய கொட்டாவிக்கு அந்தச் சின்ன வாய் போதவில்லை. பெனி அழுதாள், மாப்பிள்ளை அழுதார். இவர் கதவருகே நின்றார், கிட்ட வரவில்லை. "வாங்க டாடி" என்று பெனி கூப்பிட்ட பிறகு வந்து ஒரு விரலால் அதன் பாதத்தைத் தொட்டார். எனக்கு மனசு இளகியது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். பேசிவிடலாம் என்று நினைத்தேன், சாப்பிட்டீங்களா என்றாவது.

மறுபடியும் மூடம். புதிய ரெட் அலர்ட். ப. சார்: "சென்ற முறை நமது முன்னெச்சரிக்கையால் ஒரு வாகனத்துக்கும் சேதமில்லை. அனைவருக்கும் பாராட்டு. இம்முறையும் அதே ஏற்பாடு." கைதட்டும் படங்கள்.

மூன்று நாளாகக் குழுவைத் திறக்கவில்லை, இன்றைக்குத்தான் திறந்தேன். யாராவது பெனியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா என்று புதன்கிழமையிலிருந்து தள்ளிக்கொண்டே போனேன். வெள்ளை வண்டி பற்றி இவர் கேட்ட கேள்வி, பதிலில்லாமல். பாம்பு. பால் பாக்கெட். பிறகு வியாழக்கிழமை. ப. சார் ஒரு போட்டோ போட்டிருக்கிறார், யாரோ பால்கனியிலிருந்து எடுத்தது. கார்களுக்கு நடுவே இரண்டு பெண்கள், பின்பக்கமாக. ஒருத்தி கையில் பை. இன்னொருத்தி ஒரு காரின் மேல் குனிந்திருக்கிறாள். அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"பாலத்தில் நமது வாகனங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் செல்லும் சந்தேகத்துக்குரிய பெண்கள். அலாரம் அடித்தும் அஞ்சவில்லை. உரிமையாளர்கள் உஷார். வந்ததை அப்படியே அனுப்புகிறேன்."

கீழே கோபமுகங்கள். கட்டைவிரல்கள். யார் யார் என்று தொட்டுப் பார்த்தேன். ஹேமா. இன்னும் சிலர். கடைசியில் இவர் பெயர்.

இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து போனை நீட்டினேன். "என்ன, அலர்ட்டா? நான் காரை எடுக்கப்போறதில்ல ரூபி, பயப்படாத" என்றார். பாருங்கள் என்றேன். அவர் போனில் அந்தப் படம் திறக்கப்படவே இல்லை, மங்கலாகத்தான் இருந்திருக்கும். என்னுடையதில் தெளிவாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு விரலால் விரித்தார். முதுகை விரித்தார், அடையாளம் தெரியவில்லை. இன்னும் கீழே போனார். கால். குதிகாலைத் தாண்டி நீளும் செருப்பு, நீலப் பட்டை.

"இது என் செருப்பு" என்றார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். படத்துக்குக் கீழே தன் பெயர் இருக்கிற இடத்தைத் தடவினார். அது போகவில்லை.

"இந்தக் கட்டைவிரலை எப்படி எடுக்கறது ரூபி?"

அவருடைய போனில் திறந்து அதே கட்டைவிரலை இன்னொரு தரம் தொட்டால் போய்விடும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.